வியாழனை எத்தனை வினாடி வீடியோ எடுக்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் 200 மி.மீ. விட்டமும் 2000 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட டெலஸ்கோப் இருக்கிறது. கூடவே 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள கலர் கேமரா. வியாழனை வீடியோவாக எடுத்து, நல்ல பிரேம்களை மட்டும் பொறுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார். வீடியோ 90 வினாடியைத் தாண்டக் கூடாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். 3 நிமிடம் வரை கவலையே வேண்டாம் என்று இன்னொருவர். கோளின் சுழற்சியைச் சரிசெய்யும் வின்ஜூபோஸ் மென்பொருள் இருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மூன்றாமவர். இவற்றில் எது சரி, செவ்வாய்க்கும் சனிக்கும் எவ்வளவு என்று கேட்கிறார்.

வினாடிக் கணக்கைக் கேட்பது போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கோள் சுழல்வதால் படம் எவ்வளவு இழுபடுகிறது என்பது ஒன்று. அந்த இழுபடுதலில் எவ்வளவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. முதலாவதற்கு வடிவக் கணக்கு இருக்கிறது, அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. இரண்டாவதை உங்கள் டெலஸ்கோப்பும், அன்று காற்று மண்டலம் எவ்வளவு அலைகிறது என்பதும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இரண்டையும் ஒரே எண்ணாக்கிச் சொல்வதால்தான் ஆளுக்கு ஓர் அளவு கிடைக்கிறது. பல வருடங்களாகக் கோள்களைப் படமெடுப்பவன், பிறர் அனுப்பும் வீடியோக்களையும் அடுக்கிப் பார்ப்பவன் என்ற முறையில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். கோளின் வட்டு நம் கண்ணுக்கு எத்தனை விகலை அகலம் என்பது தெரிந்தால் போதும். விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு. அந்த அகலத்தை 3.14-ஆல் பெருக்கி, கோள் ஒருமுறை சுழல எடுக்கும் நிமிடங்களால் வகுத்தால், வட்டின் நடுவில் இருக்கும் ஒரு புள்ளி ஒரு நிமிடத்தில் எவ்வளவு நகர்கிறது என்பது வந்துவிடும். வியாழனின் நடுப்பட்டை சுமார் 9 மணி 50 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது, அதாவது 590 நிமிடம். சூரியனுக்கு நேர் எதிரே வரும் காலத்தில் வட்டு 47 விகலை என்று வைத்துக்கொண்டால், நடுப்புள்ளி நிமிடத்துக்கு 0.25 விகலை நகர்கிறது. உங்கள் அமைப்பில் ஒரு பிக்சல் 0.3 விகலை. ஆக ஏறத்தாழ 70 வினாடிக்கு ஒரு பிக்சல்.

இது நடுவுக்கு மட்டும் பொருந்தும் வேகம். வட்டின் நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி விலகிய இடத்தில் அதே புள்ளி நமக்கு வரும் பக்கமாகவோ போகும் பக்கமாகவோ திரும்பிக்கொண்டிருப்பதால், பக்கவாட்டு நகர்வு பாதியாகிவிடும். துருவத்தை நோக்கிப் போகப் போகவும் குறையும். பெரும் சிவப்புப் புள்ளி என்ற ராட்சதப் புயல் தெற்கே சுமார் 22 டிகிரியில் இருப்பதால் அங்கே குறைவு வெறும் 7 சதவீதம்தான். அதனால் எல்லாக் கணக்கையும் நடுப்புள்ளியை வைத்தே போடுவது நல்லது. மோசமான இடம் தப்பினால் மற்ற இடங்கள் தானாகத் தப்பும்.

அடுத்தது டெலஸ்கோப்பின் பகுதிறன். அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறனுக்கு டாஸ் வரம்பு என்று ஒரு பழைய அளவு உண்டு: 116-ஐ மி.மீ. கணக்கிலான விட்டத்தால் வகுக்க வேண்டும். 200 மி.மீ. டெலஸ்கோப்புக்கு 0.58 விகலை. வியாழன் அந்தத் தூரத்தை நகர்ந்து முடிக்க சுமார் 140 வினாடி, அதில் பாதியை நகர 70 வினாடி. கேட்டவர் காதில் விழுந்த 90 வினாடி இந்த இரண்டுக்கும் இடையில் விழுகிறது. 3 நிமிடம் மேல் எல்லையைத் தாண்டுகிறது. 100 மி.மீ. டெலஸ்கோப்பில் எடுப்பவருக்கு இதே எல்லைகள் இரட்டிப்பாகும், அவர் 3 நிமிடம் எடுத்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் அது அவர் வரையில் உண்மைதான். 350 மி.மீ. வைத்திருப்பவருக்கோ 40 வினாடியிலேயே பாதி எல்லை வந்துவிடும். யாராவது ஓர் எண் சொன்னால், அவர் டெலஸ்கோப் விட்டம் என்ன என்று கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாதி, முழுது என்று ஏன் இரண்டு எல்லை சொல்கிறேன் என்றால், இழுபடுதல் ஒரு கோட்டைத் தாண்டியதும் திடீரென்று படத்தைக் கெடுப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கான்ட்ராஸ்ட்டைத் தின்கிறது. பகுதிறன் எல்லையில் பாதி அளவுக்குப் படம் இழுபட்டால், அந்த எல்லையைப் போல இரண்டு மடங்கு அளவுள்ள நுணுக்கங்களில் சுமார் 10 சதவீதக் கான்ட்ராஸ்ட் போகும். கூர்மையாக்கும்போது இதை மீட்டுவிடலாம், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்கூட வித்தியாசம் தெரிவது கடினம். முழு அளவுக்கு இழுபட்டால் சுமார் 36 சதவீதம் போகும். அது தெரியும், குறிப்பாகக் காற்று நன்றாக இருந்த இரவில். இரண்டு மடங்கு இழுபட்டால் அந்த அளவு நுணுக்கங்களே படத்திலிருந்து அழிந்துவிடும், எந்தக் கூர்மையாக்கலும் திருப்பித் தராது. பாதி எல்லையைப் பாதுகாப்பான அளவாகவும், முழு எல்லையைத் தாண்டக் கூடாத அளவாகவும் நான் வைத்துக்கொள்வது இதனால்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பலரும் இதில்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள். வியாழனின் பட்டைகள் சுழற்சியின் திசையிலேயே ஓடுகின்றன. ஒரு கோட்டை அதன் நீளவாக்கிலேயே இழுத்தால் அது மங்காது. அதனால் 5 நிமிட வீடியோவை அடுக்கினாலும் பட்டைகளின் ஓரங்கள் கத்தி போல நிற்கும், படமும் பளிச்சென்றுதான் இருக்கும். காணாமல் போவது வேறு: நடுப்பட்டையில் நீலச் சாம்பல் நிறத்தில் தொங்கும் மெல்லிய இழைகள், தெற்கே வரிசையாக வரும் சிறிய வெள்ளை முட்டை வடிவங்கள், சிவப்புப் புள்ளிக்குப் பின்னால் கொந்தளிக்கும் நுரை போன்ற பகுதி. வடக்கு தெற்காக இருக்கும் எந்த ஓரமும் மெழுகிவிட்டது போல ஆகும். நீளமான வீடியோவும் நன்றாகத்தான் வந்தது என்று சொல்பவரின் படத்தில் நான் முதலில் தேடுவது அந்த இழைகளைத்தான்.

இதுவரை சொன்னது உறுதியான கணக்கு. இனி வருவது கொஞ்சம் நெகிழ்வானது. ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருள்கள் வட்டை முழுதாக ஒரே துண்டாக நகர்த்தி அடுக்குவதில்லை. வட்டின் மேல் பல சீரமைப்புப் புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு சிறு கட்டத்தை எடுத்து, அந்தக் கட்டம் ஒவ்வொரு பிரேமிலும் எங்கே தள்ளிப் போயிருக்கிறது என்று தேடி, சரியான இடத்துக்கு இழுத்து வந்து அடுக்குகின்றன. காற்றின் அலைப்பைச் சரிசெய்ய உருவான முறை இது. ஆனால் ஒரு கட்டம் காற்றால் தள்ளப்பட்டதா, சுழற்சியால் நகர்ந்ததா என்று மென்பொருளுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இரண்டையும் சேர்த்தே ஓரளவு சரிசெய்துவிடும். நடைமுறையில் மேலே போட்ட கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் நீளமான வீடியோவும் தாங்குவதற்குக் காரணம் இதுதான். 3 நிமிடம் என்று சொல்பவரிடமும் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் யாரும் எண்ணாகத் தர முடியாது. அது இரவுக்கு இரவு மாறுகிறது. கட்டத்துக்குள் தெளிவான புள்ளியோ இழையோ இருந்தால் மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு பின்தொடரும். வெறும் பட்டை மட்டும் இருந்தால் கிழக்கு மேற்காக எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு அங்கே எந்த அடையாளமும் இல்லை. பிரேம்கள் இருட்டாகவும் இரைச்சலாகவும் (அதாவது புள்ளி புள்ளியாகவும்) இருந்தாலும் அதே கதிதான். விளிம்பை ஒட்டிய கட்டங்களில் இன்னொரு சிக்கல்: வட்டின் விளிம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது, அதற்குள் இருக்கும் மேகங்கள் மட்டும் நகர்கின்றன. பளிச்சென்ற விளிம்பைத்தான் மென்பொருள் பிடிக்கும், மேகங்களை விட்டுவிடும். ஆகவே இந்த உதவியை ஒரு சலுகையாக வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி வீடியோ நீளத்தைத் திட்டமிடக் கூடாது என்பது என் கருத்து.

அப்படியானால் எப்போதும் மிகக் குறைவாக, 30 வினாடியோ 40 வினாடியோ எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்குத் தடையாக நிற்பது பிரேம்களின் எண்ணிக்கை. படத்தின் இரைச்சல், அடுக்கிய பிரேம்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறைகிறது. நான்கு மடங்கு பிரேம் அடுக்கினால் இரைச்சல் பாதியாகும். இதைத் திருப்பிப் பார்த்தால் ஓர் ஆறுதல் கிடைக்கும். 90 வினாடியை 3 நிமிடமாக்கினால் கிடைக்கும் லாபம் 1.4 மடங்குதான், இழுபடுதலோ முழுசாக இரட்டிப்பாகிறது. கடைசியாகச் சேர்க்கும் ஒவ்வொரு வினாடியும் குறைவாகக் கொடுத்து அதிகமாக எடுத்துக்கொள்கிறது.

ஆனால் எல்லாப் பிரேமும் சமம் இல்லை. நாம் பொறுக்குவது காற்று ஒரு கணம் நிதானித்த பிரேம்களை. அப்படிப்பட்ட கணம் எத்தனைக்கு ஒன்று வாய்க்கும் என்பதை டேவிட் ஃப்ரீட் 1978-ல் ஒரு சூத்திரமாகவே எழுதினார். காற்று எவ்வளவு அகலத்துக்கு ஒரே சீராக இருக்கிறது என்பதற்கும் டெலஸ்கோப் விட்டத்துக்கும் உள்ள விகிதம்தான் அதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 200 மி.மீ. டெலஸ்கோப்புக்கு அந்தச் சீரான அகலம் 4 செ.மீ. என்றால், சுமார் 9 பிரேமுக்கு ஒன்று ஏறக்குறைய முழுத் திறனோடு வரும். அது 3 செ.மீ.க்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டால் 350 பிரேமுக்கு ஒன்றுதான் தேறும். வினாடிக்கு 100 பிரேம் எடுத்தால் 70 வினாடியில் 7000 பிரேம். முதல் இரவில் 800 நல்ல பிரேம்கள் கிடைக்கும், இரண்டாம் இரவில் 20. வட்டின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு கணத்தில் தெளிவதால் சீரமைப்புப் புள்ளிகள் இந்த நிலைமையைக் கொஞ்சம் இளக்கும். ஆனாலும் இரண்டு இரவுகளுக்கும் இடையே உள்ள பள்ளம் பெரியது.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மோசமான இரவில் நல்ல பிரேம் அரிதாக வருவதால் நீளமான வீடியோ தேவைப்படுகிறது. அதே இரவில் காற்று நுணுக்கங்களை ஏற்கெனவே 1 விகலைக்கு மேல் மங்க வைத்திருப்பதால், 0.58 விகலை என்ற எல்லைக்கே அர்த்தமில்லை, நீளமான வீடியோவைப் படம் தாங்கவும் தாங்கும். நல்ல இரவில் பிரேம்கள் கொட்டுகின்றன, குறைந்த நேரம் போதும். அந்த இரவில்தான் இழுபடுதலும் கண்ணுக்குத் தெரியும், ஆக நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். தேவையும் அனுமதியும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஆகவே வியாழனுக்கு ஒரு நிலையான எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளாமல், மானிட்டரில் வட்டு எப்படி ஆடுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் அமைப்பில் வட்டு நிதானமாக நின்று இழைகள் நேரலையிலேயே தெரிந்தால் 60 முதல் 75 வினாடி. விளிம்பு லேசாகக் கொதித்துக்கொண்டு, பட்டைகள் தெரிந்து மறைந்தால் 90 முதல் 120. இரண்டு பெரிய பட்டைகளுக்கு மேல் எதுவும் தெரியாத இரவில் 3 நிமிடம் எடுத்தாலும் நஷ்டமில்லை, பெரிய லாபமும் இல்லை.

இனி வின்ஜூபோஸ். கிரிஷா ஹான் என்பவர் எழுதி இலவசமாகத் தரும் மென்பொருள் இது. கோளின் உருவத்தைக் கணினியில் ஒரு கோளமாக வைத்து, படத்தை அதன் மேல் போர்த்தி, எந்த நேரத்துக்கு வேண்டுமோ அந்த நேரத்துக்குச் சுழற்றித் தரும். நான் பரிந்துரைக்கும் முறை, தனித்தனியாக 70 அல்லது 90 வினாடி வீடியோக்கள் ஐந்தாறு எடுத்து, ஒவ்வொன்றையும் தனியாக அடுக்கி, பிறகு எல்லாவற்றையும் நடுவிலுள்ள ஒரு நேரத்துக்குச் சுழற்றிச் சேர்ப்பது. ஐந்து படங்கள் சேர்ந்தால் இரைச்சல் 2.2 மடங்கு குறையும், இழுபடுதலோ ஒரே ஒரு வீடியோவின் அளவிலேயே நிற்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்று சொன்னவர் இதைத்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். அவர் சொன்னது மொத்த நேரத்துக்குப் பொருந்தும், ஒரு வீடியோவின் நீளத்துக்குப் பொருந்தாது.

மொத்த நேரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வியாழன் நிமிடத்துக்கு 0.6 டிகிரி திரும்புகிறது, 15 நிமிடத்தில் 9 டிகிரி. தொடக்கத்தில் ஒரு விளிம்பில் தெரிந்த மேகப் பகுதி முடிவில் மறைந்திருக்கும், எதிர் விளிம்பில் புதியது வந்திருக்கும். அந்த ஓரங்களில் எல்லாப் படங்களும் பங்களிக்க முடியாது. அங்கே மெல்லிய பிறை போல ஒரு வெளிச்ச வளையமோ இருட்டுக் கோடோ வந்து நிற்கும். மென்பொருளில் விளிம்பு மங்கலுக்கான மதிப்பை மாற்றி இதைக் குறைக்கலாம், முழுக்க நீக்குவது கடினம். உங்கள் அளவு டெலஸ்கோப்பில் வியாழனுக்கு 10 முதல் 15 நிமிடம் வரை சேர்த்தால் ஓரங்கள் கெடாமல் வரும். அதற்கு மேல் போனால் வருவது பெரும்பாலும் ஓரப் பிரச்சினைகள்தான்.

நேரத்தைச் சரியாகப் பதிவது இதில் முக்கியம், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வின்ஜூபோஸ் கோப்பின் பெயரிலிருந்தே நேரத்தைப் படிக்கும். 2026-01-10-1534_5 என்று பெயர் தொடங்கினால், 2026 ஜனவரி 10, உலக நேரம் 15 மணி 34 நிமிடம், அதற்கு மேல் நிமிடத்தில் பத்தில் ஐந்து பங்கு, அதாவது 30 வினாடி என்று பொருள். அந்த நேரம் வீடியோ தொடங்கிய நேரமாக இருக்கக் கூடாது, நடு நேரமாக இருக்க வேண்டும். வீடியோவைப் பதிவு செய்யும் மென்பொருளான ஃபயர்கேப்சரில் இந்தப் பெயர் முறைக்கே ஒரு தேர்வு இருக்கிறது. எல்லா வீடியோவும் ஒரே நீளமாக இருந்தால், நேரம் ஒரே அளவு தவறினாலும் சுழற்றிச் சேர்ப்பது கெடாது. ஒன்று 60 வினாடி, அடுத்தது 3 நிமிடம் என்று கலந்து எடுத்தால், தொடக்க நேரத்துக்கும் நடு நேரத்துக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொன்றிலும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஓர் இரவில் நீளத்தை முடிவு செய்துவிட்டால் அதை மாற்றாதீர்கள் என்று சொல்வது இதற்காக. குறுகிய வீடியோவுக்கு இன்னொரு நன்மையும் இங்கே வருகிறது. 3 நிமிட வீடியோவில் நல்ல பிரேம்கள் எல்லாம் கடைசி 40 வினாடியில் வந்திருந்தால், படத்தின் உண்மையான நேரம் நடுவில் இல்லை, ஒரு நிமிடத்துக்கு மேல் தள்ளி இருக்கிறது. 70 வினாடி வீடியோவில் அந்தத் தவறு அதிகபட்சம் 35 வினாடியைத் தாண்டாது.

துணைக்கோளோ அதன் நிழலோ வட்டின் மேல் போகும்போது கணக்கு மாறுகிறது. வியாழனின் நடுப்பரப்பு வினாடிக்கு 12.6 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது, அதன் துணைக்கோளான அயோ வினாடிக்கு 17.3 கி.மீ. வேகத்தில் சுற்றிவருகிறது. அயோ மேகங்களைவிட வேகமாக, நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.34 விகலை வட்டைக் கடக்கும். அதன் உருவமே 1.2 விகலைதான். 3 நிமிடத்தில் அது தன் அகலத்தில் பெரும்பகுதியைக் கடந்துவிடும், உருண்டையாக இருக்க வேண்டியது கொழுக்கட்டை போல நீண்டு வரும். இன்னொரு துணைக்கோளான கானிமீடு வினாடிக்கு 10.9 கி.மீ.தான், அது மேகங்களைவிடப் பின்தங்கும். எப்படியானாலும் துணைக்கோளின் வேகமும் பரப்பின் வேகமும் ஒன்றல்ல என்பதால் வின்ஜூபோஸ் சுழற்றிச் சேர்க்கும்போது அது இழுபட்டுத்தான் வரும். துணைக்கோளை ஒரே ஒரு குறுகிய வீடியோவிலிருந்து தனியாக எடுத்து, இறுதிப் படத்தில் அதே நேரத்துக்கு உரிய இடத்தில் வைப்பதுதான் பொதுவான வழி. அப்படிச் செய்ததைப் படத்தோடு குறிப்பிட்டுவிடுங்கள்.

செவ்வாய்க்கு வருகிறேன். அது சுழல 24 மணி 37 நிமிடம் ஆகிறது, வட்டும் சிறியது. 2027 பிப்ரவரியில் சூரியனுக்கு எதிரே வரும்போது 13.8 விகலைதான் இருக்கும். அப்போது நடுப்புள்ளியின் நகர்வு நிமிடத்துக்கு 0.03 விகலை. உங்கள் டெலஸ்கோப்பில் பாதி எல்லையைத் தொடவே 10 நிமிடம் ஆகும். 2003-ல் வந்தது போல 25 விகலை வட்டாக இருந்தாலும் 5 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். ஆக செவ்வாயில் சுழற்சி உங்களைக் கட்டிப்போடாது. அங்கே வீடியோவை 4 அல்லது 5 நிமிடத்தில் நிறுத்தச் சொல்வேன், காரணம் நடைமுறை சார்ந்தது: வெப்பநிலை மாறி ஃபோகஸ் தள்ளிப் போயிருக்கிறதா என்று இடையில் பார்க்க வேண்டும், வீடியோவும் கையாள முடியாத அளவுக்குப் பெருத்துவிடக் கூடாது.

சனி சுழல்வது சுமார் பத்தரை மணி நேரத்தில். உருவம் 19 விகலை என்றால் நிமிடத்துக்கு 0.09 விகலை நகர்வு, பாதி எல்லை 3 நிமிடம், முழு எல்லை 6 நிமிடம். ஆனால் சனியின் வட்டில் பெரும்பாலும் மென்மையான பட்டைகள் மட்டுமே தெரியும், அவை சுழற்சியின் திசையில் ஓடுவதால் மங்குவதில்லை. வளையங்கள் சுற்றிக்கொண்டிருந்தாலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அவற்றுக்கு இடையே கறுப்பாகத் தெரியும் காசினி இடைவெளியும் இழுபடாது. 2010 டிசம்பரில் தொடங்கியது போன்ற பெரும் புயல் ஒன்று வட்டின் மேல் இருந்தால்தான் 3 நிமிடத்தை மதிக்க வேண்டும், மற்ற காலத்தில் 5 அல்லது 6 நிமிடம் எடுக்கலாம். எடுக்க வேண்டியும் இருக்கும். சூரிய ஒளி அங்கே வியாழனில் விழுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, எக்ஸ்போஷர் நீள்கிறது, வினாடிக்குக் கிடைக்கும் பிரேம்கள் குறைகின்றன. யுரேனஸும் நெப்டியூனும் நிமிடத்துக்கு 0.01 விகலை அளவுக்கே நகர்வதால் சுழற்சியை மறந்துவிடலாம். வெள்ளியின் மேகங்கள் சுமார் நான்கு நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன, அங்கேயும் இதே நிலைதான்.

டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் எந்த வகை என்று கேள்வியில் இல்லை, அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் ஆல்ட்-அசிமுத் மவுண்டாக இருந்தால், கோள் தானே சுழல்வது போதாதென்று படச் சட்டத்துக்குள் முழு வட்டும் மெதுவாகத் திரும்பும். பூமத்திய ரேகைக்கு அருகிலிருந்து பார்க்கும்போது, கோள் வடக்கு தெற்குக் கோட்டில் 60 டிகிரி உயரத்தில் இருந்தால் இந்தத் திருப்பம் நிமிடத்துக்கு அரை டிகிரி. 47 விகலை வட்டின் விளிம்பில் அது நிமிடத்துக்கு 0.2 விகலை, கிட்டத்தட்ட வியாழனின் சுழற்சிக்குச் சமம். சுழற்சி நடுவைக் கெடுக்கும், இது விளிம்பைக் கெடுக்கும். உயரம் ஏற ஏற இன்னும் மோசமாகும். கோள் நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ இருக்கும்போது மறைந்தே போகும். இப்படிப்பட்ட மவுண்டில் தலைக்கு மேலே இருக்கும் வியாழனை 60 வினாடிக்கு மேல் எடுக்காதீர்கள். துருவத்தை நோக்கி அமைத்த ஈக்வடோரியல் மவுண்ட் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

உங்களுக்கான எண்ணை நீங்களே கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. காற்று ஓரளவு நிதானமாக உள்ள இரவில், வியாழனின் நடுவில் ஏதாவது தெளிவான புள்ளியோ இழையோ வந்திருக்கும்போது, எஸ்இஆர் (SER) என்ற வீடியோ கோப்பு வடிவத்தில் 3 நிமிட வீடியோ ஒன்று எடுங்கள். எஸ்இஆர் பிளேயர் மென்பொருளில் அதன் நடு 60 வினாடியை மட்டும் ஒரு கோப்பாகவும், நடு 120 வினாடியை இன்னொரு கோப்பாகவும் வெட்டிச் சேமியுங்கள். மூன்றுக்கும் நடு நேரம் ஒன்றுதான் என்பதால் மூன்று படத்திலும் மேகங்கள் ஒரே இடத்தில் இருக்கும். மூன்றிலிருந்தும் ஒரே எண்ணிக்கையில், வினாடிக்கு 100 பிரேம் என்றால் தலா 2000 பிரேம்களை அடுக்கி, ஒரே அளவுக்குக் கூர்மையாக்குங்கள். எண்ணிக்கை சமம் என்பதால் இரைச்சலும் ஏறக்குறைய சமமாக இருக்கும். மிஞ்சும் வித்தியாசம், நீளமான வீடியோவில் நல்ல பிரேம்களைப் பொறுக்க இடம் அதிகம் என்ற நன்மைக்கும் இழுபடுதல் என்ற கேட்டுக்கும் இடையிலான போட்டியின் முடிவு. பட்டைகளைப் பார்க்காமல், அந்தப் புள்ளியின் கிழக்கு மேற்கு ஓரங்களை மட்டும் 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். 120 வினாடிப் படம் 60 வினாடிப் படத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால், அந்த மாதிரி இரவுகளில் 120-ஐத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். இன்னும் நிதானமான இரவில் இதையே திரும்பச் செய்தால், பெரும்பாலும் 60 வினாடிப் படம் முந்தும்.